வாசகர் கேள்வி–பதில்: மீட்ட பிள்ளை மறுபடி வேலைக்குப் போகாமலிருக்க

குழந்தைத் தொழிலாளர் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறோம். தொழிலாளர் சட்டம், சிறப்புப் பயிற்சி மையம், மகளிர் குழு என்று மூன்று இடங்களிலும் வேலை செய்கிறவர்கள் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை.

கேள்வி: ஏழாம் வகுப்பில் ஒரு மாணவன் வாரத்தில் இரண்டு நாள் வருவதில்லை. வீட்டில் கேட்டால் 'காய்ச்சல்' என்கிறார்கள். லாரிப் பட்டறைக்குப் போகிறான் என்று கூடப் படிக்கும் பிள்ளைகள் சொல்கிறார்கள். 30 நாள் தொடர்ந்து வராவிட்டால்தான் மேலே தெரிவிக்க வேண்டுமாமே. அதுவரை பொறுக்கலாமா?
– ஆசிரியை, விருதுநகர் மாவட்டம்

பொறுக்க வேண்டாம். தகவல் இல்லாமல் 30 நாள் தொடர்ந்து வராத குழந்தையைப் பற்றித் தலைமையாசிரியர், இதற்கான பொறுப்பு அலுவலருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017இல் திருத்திய விதிகள் சொல்கின்றன. அது கடைசி எல்லை. உங்கள் மாணவனைப் போல விட்டு விட்டு வருகிறவன் அந்த எல்லையைத் தொடவே மாட்டான். வாரம் இரண்டு நாள் என்றால் 40 வாரத்தில் 80 நாள் போய்விடும். ஆனால் பதிவேட்டில் அவன் 'பள்ளியில் இருக்கும் மாணவன்'தான். படிப்பை நிறுத்துகிற பிள்ளைகளில் பலர் இப்படித்தான் நம் கண்முன்னாலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகிறார்கள்.

முதலில் வருகைப் பதிவேட்டை எடுத்து, அவன் வராத தேதிகளுக்கு நேரே கிழமையை எழுதுங்கள். ஒரே கிழமை திரும்பத் திரும்ப வந்தால் அது சந்தை நாளோ சரக்கு ஏற்றும் நாளோ ஆக இருக்கும். காலையில் மட்டும் வராமல் மதியம் வருகிறான் என்றால் இரவு வேலை. அவன் வராத நாளில் தங்கை வருகிறாள், தங்கை வராத நாளில் அவன் வருகிறான் என்றால் வீட்டில் கைக்குழந்தையோ படுக்கையில் கிடக்கும் பெரியவரோ இருக்கிறார். நீண்ட விடுமுறை முடிந்து ஒரு வாரமாகியும் வரவில்லை என்றால் வெளியூருக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ஒவ்வொரு நாள் தாமதமும் அவனைத் தேடுவதை இன்னும் கடினமாக்கும்.

மூன்றாம் நாளே வீட்டுக்குப் போங்கள். தனியாகப் போகாமல், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் அதே தெருத் தாய் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று கல்வி உரிமைச் சட்டம் வைத்திருப்பதன் பயன் இங்கேதான் தெரியும். தாயும் தகப்பனும் வேலையிலிருந்து திரும்பியிருக்கும் மாலை நேரமே நல்லது. "ஏன் அனுப்பவில்லை?" என்று தொடங்கினால் மறுபடி 'காய்ச்சல்'தான் பதிலாக வரும். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா, யாரிடமாவது கடன் நெருக்குகிறதா, சின்னப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எந்த ஓட்டை என்று தெரியாமல் அடைக்க முடியாது. கடனுக்கு ஒரு வழி, நோய்க்கு வேறொரு வழி, கைக்குழந்தைக்கு அங்கன்வாடி. எல்லா வீட்டுக்கும் ஒரே அறிவுரையைச் சொல்லிவிட்டு வருவதால்தான் பல வீட்டுச் சந்திப்புகள் வீணாகின்றன.

நான்காவதாக ஒரு காரணம் உண்டு, அதைப் பெற்றோர் சொல்ல மாட்டார்கள். பையனுக்குச் சரளமாக வாசிக்க வராது. வகுப்பில் எழுப்பினால் சிரிக்கிறார்கள். பட்டறையிலோ அவனுக்கு ஒரு பெயர் இருக்கிறது, செய்த வேலைக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. பையனோடு தனியாகப் பத்து நிமிடம் உட்கார்ந்து, மூன்றாம் வகுப்புப் பாடத்திலிருந்து ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். திணறினால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

பட்டறைக்காரரிடம் நீங்களே பேசி முடித்துக்கொள்ளாதீர்கள். "நாளையிலிருந்து சேர்க்க மாட்டேன்" என்பார். பையன் அடுத்த தெருப் பட்டறைக்குப் போவான். 14 வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைத்திருப்பது குற்றம், குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குச் சொல்லியே ஆக வேண்டும். பெற்றோருக்கு மட்டும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்: காசுக்காகவே பிள்ளையை ஒப்படைத்தார்கள் என்றில்லாதபட்சத்தில், முதல் முறைக்குப் பெற்றோருக்குச் சட்டத்தில் தண்டனை இல்லை. இது தெரியாத பயத்தில்தான் பிள்ளையை ஒளிக்கிறார்கள்.

கேள்வி: எங்கள் வார்டில் ஒரு தேநீர்க் கடையில் 12 வயது இருக்கும் பையன் கண்ணாடித் தம்ளர் கழுவுகிறான். கேட்டால் 'என் அக்கா மகன், சும்மா உதவிக்கு நிற்கிறான்' என்கிறார் கடைக்காரர். நான் என்ன செய்ய?
– ஊராட்சி வார்டு உறுப்பினர், சேலம் மாவட்டம்

கடையில் வைத்துச் சத்தம் போடாதீர்கள், பையனைப் படம் எடுத்து வாட்ஸ்ஆப்பில் போடாதீர்கள். இரண்டுக்கும் பலன் ஒன்றுதான். மறுநாள் காலை அதிகாரிகள் வரும்போது பையன் அங்கே இருக்க மாட்டான். கடையின் பெயர், சரியான இடம், அவன் நிற்கும் நேரம், தங்குவது கடையிலேயேவா, பேசுவது என்ன மொழி என்று குறித்துக்கொண்டு 1098க்குக் கூப்பிடுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். உங்கள் பெயரைக் கடைக்காரருக்குச் சொல்ல மாட்டார்கள்.

'அக்கா மகன்' என்ற பதிலுக்கு வருவோம். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பிறகு 14 வயதுக்குட்பட்டவர்கள் எந்த வேலையும் செய்யக் கூடாது. குடும்பத்துக்கு உதவுவதற்கு ஒரு விலக்கு இருக்கிறது. குடும்பம் என்பதில் அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களோடு சித்தப்பா, பெரியப்பா, அத்தை, சித்தி, தாய்மாமனும் அடக்கம். ஆகவே கடைக்காரர் சொல்வது கேட்கச் சரிபோலத் தோன்றும். ஆனால் விதிகள் கூடவே கட்டுகளும் போட்டிருக்கின்றன. பள்ளி நேரத்தில் கூடாது. இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை கூடாது. ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஆபத்தான வேலை கூடவே கூடாது. முக்கியமாக, அந்தப் பிள்ளைக்கோ குடும்பத்துக்கோ கடைக்கோ வருமானம் ஈட்டித் தரும் வேலையாக அது இருக்கக் கூடாது. தாய்மாமன் கடையே ஆனாலும், காலை 5 மணிக்கு எழுந்து தம்ளர் கழுவுவது இந்த விலக்குக்குள் வராது.

அடுத்து 'வயது 15' என்பார்கள். பள்ளிச் சான்று, பிறப்புச் சான்று, ஆதார் எதையாவது வைத்து வயதை முடிவு செய்வார்கள். எதுவும் இல்லாவிட்டால் மருத்துவப் பரிசோதனை. இந்த இடத்தில் நீங்கள் பெரிதாக உதவலாம். பையனின் ஊர் தெரிந்தால் அந்த ஊர்த் தலைமையாசிரியரிடம் சேர்க்கைப் பதிவேட்டு நகல் வாங்கிக் கொடுங்கள். வயதுக்கு ஆதாரம் கிடைக்காமல் வழக்குகள் பலவீனமாவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

மீட்ட பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் மாவட்டத்தின் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். வீட்டுக்கு அனுப்புவதா, இல்லத்தில் தங்க வைப்பதா என்று அந்தக் குழுதான் முடிவு செய்யும். வேலைக்கு வைத்தவருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை செய்தால் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. அந்த அபராதத் தொகையோடு அரசு தன் பங்காக ஒவ்வொரு குழந்தைக்கும் 15,000 ரூபாய் சேர்த்து அதன் பெயரில் போட வேண்டும். இந்தத் தொகையைக் கேட்டு வாங்க ஆள் இல்லாமல் பல பிள்ளைகளுக்கு அது போய்ச் சேர்வதில்லை. வார்டு உறுப்பினராக நீங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு ஒரு மனு எழுதி அதன் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கிராம சபையில் அதைப் பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: கணவர் இல்லை. பீடி சுற்றிப் பிழைக்கிறேன். பன்னிரண்டு வயது மகள் பள்ளிவிட்டு வந்து இலை வெட்டித் தருகிறாள், தூள் போட்டும் தருகிறாள். இதுவும் தப்பா?
– ஒரு தாய், திருநெல்வேலி மாவட்டம்

அம்மா, பீடி வேலை குழந்தைகளுக்கு ஆபத்தான வேலைகளில் சேர்ந்தது. அதனால் வீட்டுக்குள் உதவியாகக்கூட அவளைச் சேர்க்கக் கூடாது. புகையிலைத் தூளிலிருக்கும் நிகோடின் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். சிறு உடம்புக்குத் தலைசுற்றல், வாந்தி, பசியின்மை சீக்கிரம் வரும். நீங்கள் தூள் கையாளும்போது அவள் வேறு அறையில் அல்லது திண்ணையில் உட்கார்ந்து படிக்கட்டும். இரவில் தூள் கிடந்த இடத்தில் பாய் விரிக்காதீர்கள்.

அவள் கை நின்றால் உங்கள் கூலி குறையும், அது எங்களுக்குத் தெரியும். அதை ஈடுகட்ட மூன்று இடங்களுக்குப் போங்கள். ஒன்று, கலெக்டர் அலுவலக வளாகத்தில் விசாரித்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு எங்கே என்று சொல்வார்கள். அங்கே மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான 'மிஷன் வத்சல்யா' நிதி ஆதரவுக்கு மனு கொடுங்கள். கணவரை இழந்த தாயின் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்க வழியுண்டு. கிராமத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள்ளும், நகரத்தில் 96,000 ரூபாய்க்குள்ளும் இருக்க வேண்டும். கணவரின் இறப்புச் சான்று, வருமானச் சான்று, மகளின் பள்ளிப் படிப்புச் சான்று, அவள் பெயரில் வங்கிக் கணக்கு ஆகியவை வேண்டும். வங்கிக் கணக்கு இல்லாததால்தான் பல மனுக்கள் மாதக்கணக்கில் கிடக்கின்றன, அதை முதலில் தொடங்கிவிடுங்கள். இரண்டு, உங்களிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால் மகளுக்கு மத்திய அரசின் தொழிலாளர் நலத்துறைக் கல்வி உதவித்தொகை உண்டு. பள்ளித் தலைமையாசிரியர் மூலம் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். மூன்று, விதவை ஓய்வூதியம் இன்னும் வாங்கவில்லையென்றால் தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள். ஒன்று கிடைக்கிறது என்பதற்காக இன்னொன்றுக்கு மனு போடாமல் இருக்காதீர்கள்.

கேள்வி: செங்கல் சூளையிலிருந்து மீட்ட 11 வயதுப் பையன் எங்கள் மையத்துக்கு வந்திருக்கிறான். பள்ளிக்கே போனதில்லை. வயதுக்குத் தக்க வகுப்பு என்றால் ஆறாம் வகுப்பு. எழுத்தே தெரியாதவனை அங்கே எப்படி உட்கார வைப்பது? இரண்டு முறை ஓடிப் போய்விட்டான்.
– சிறப்புப் பயிற்சி மையத் தன்னார்வலர், திருவள்ளூர் மாவட்டம்

கல்வி உரிமைச் சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. பெயரை ஆறாம் வகுப்பில் சேர்த்துவிட்டு, வகுப்போடு சேரும் அளவு வரும் வரை சிறப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும். குறைந்தது மூன்று மாதம், அதிகபட்சம் இரண்டு ஆண்டு. 14 வயது தாண்டினாலும் எட்டாம் வகுப்பு முடிக்கும் வரை இலவசக் கல்வி உரிமை அவனுக்கு உண்டு. தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் 2021இல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவோடு இணைக்கப்பட்ட பிறகு இந்தப் பொறுப்பு பள்ளிக் கல்வித் துறையிடம் இருக்கிறது. வட்டார வள மையத்திலிருக்கும் ஆசிரியர் பயிற்றுநரிடம் அவன் பெயர் எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவில் ஏறிவிட்டதா என்று முதல் நாளே உறுதி செய்துகொள்ளுங்கள். பெயர் ஏறாவிட்டால் புத்தகம், சீருடை, மதிய உணவு எதுவும் முறையாக வராது.

இனி ஓடுவது பற்றி. இந்தப் பிள்ளைகள் முதல் இரண்டு வாரத்தில்தான் அதிகம் ஓடுகிறார்கள். காரணம் பெரும்பாலும் படிப்பு அல்ல, உட்கார்ந்திருப்பது. விடியலிலிருந்து நடந்து குனிந்து கல் திருப்பிப் பழகிய உடம்பு, ஒரே இடத்தில் 40 நிமிடம் இருக்காது. ஆரம்பத்தில் 15 நிமிடம் உட்காரும் வேலை, 15 நிமிடம் எழுந்து செய்யும் வேலை என்று மாற்றி மாற்றி வையுங்கள். வாராவாரம் உட்காரும் நேரத்தைக் கூட்டுங்கள். முதல் வாரத்திலேயே கண், காது, தோல் பரிசோதனை செய்துவிடுங்கள். புழுதியிலும் வெயிலிலும் இருந்த பிள்ளைக்குக் கண் எரிச்சலும் சொறியும் இருக்கும். கரும்பலகை தெரியாத பையனைக் கவனமில்லாதவன் என்று எடுத்துக்கொண்டால் அவன் ஓடத்தான் செய்வான். சம்பாதித்துக்கொண்டிருந்தவனுக்கு இன்னொரு உறுத்தலும் உண்டு, தம்பிக்கு இன்று சாப்பாடு இருக்குமா என்பது. வாரம் ஒரு முறை வீட்டாரோடு போனில் பேச விடுங்கள்.

எழுத்துக்கு அ, ஆ, இ, ஈ என்று வரிசையாகத் தொடங்காதீர்கள். சிறுபிள்ளைக்கே அது நீளமான பாதை. 11 வயதுப் பையனுக்குத் தான் எதையும் வாசிக்கப்போவதில்லை என்றே தோன்றிவிடும். எழுத எளிதான ட, ப, ம, ய, ர ஐந்தையும் புள்ளியையும் முதலில் கொடுங்கள். இரண்டே நாளில் படம், மரம், பயம், மடம், பட்டம் என்று சொற்களை வாசித்துவிடுவான். தானாக வாசித்த அந்த முதல் சொல்தான் அவனை மூன்றாம் வாரம் வரை இழுத்துக்கொண்டு போகும். பிறகு க, ச, த, ந, வ. அதற்குப் பின் ஒவ்வொரு வாரமும் ஒரு உயிர்க்குறி: முதலில் கால், பிறகு கொம்பு. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் குழம்பும், அவற்றுக்கு இரண்டு வாரம் விடுங்கள். அவன் ஊர்ப் பெயரையும் தம்பி தங்கை பெயரையும் சீக்கிரம் எழுதக் கற்றுக்கொடுங்கள்.

கணக்கில் அவன் உங்களை ஆச்சரியப்படுத்துவான். 1,000 கல்லுக்கு இவ்வளவு கூலி என்றால் 750 கல்லுக்கு எவ்வளவு என்று வாயால் சட்டென்று சொல்வான். அதையே எழுதச் சொன்னால் தவறுவான். 'எழுநூற்று ஐந்து' என்பதை 7005 என்று எழுதுவது இந்தப் பிள்ளைகளிடம் அடிக்கடி காணும் பிழை. காதில் விழுவதை அப்படியே எழுதுகிறான், எழுநூறுக்கு 700, பக்கத்தில் 5. அதனால் கூட்டல் வாய்ப்பாட்டை மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டியதில்லை, இடமதிப்பை மட்டும் பிடியுங்கள். குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, பத்துக் கட்டை ஒரு பெரிய கட்டாகக் கட்டி, பக்கத்தில் எண்ணை எழுத வையுங்கள். கட்டே இல்லாத இடத்துக்குத்தான் பூஜ்யம் என்று கையால் தொட்டுப் புரிந்த பிறகு அந்தப் பிழை நின்றுவிடும்.

வயதை வைத்துக் குழு பிரிக்காதீர்கள். எழுத்தறியாதவர், சொல் வாசிப்பவர், பத்தி வாசிப்பவர் என்று மூன்று வட்டமாக உட்கார வையுங்கள். ஆறு வாரத்துக்கு ஒரு முறை சோதித்து அடுத்த வட்டத்துக்கு நகர்த்துங்கள். ஆனால் 11 வயதுப் பையனை ஒன்றாம் வகுப்பு அறையில் மட்டும் ஒரு நாளும் கொண்டு உட்கார வைக்காதீர்கள். அந்தக் கூச்சம் அவனை நிரந்தரமாக அனுப்பிவிடும்.

மையத்திலிருந்து பள்ளிக்கு மாறுவதுதான் அடுத்த கண்டம். ஒரே நாளில் மாற்றினால் பாதிப் பேர் நிற்க மாட்டார்கள். மாறுவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே வாரம் ஒரு நாள் பள்ளியில் விளையாட்டு வகுப்பிலும் மதிய உணவிலும் கலந்துகொள்ளட்டும். அங்கே அவனுக்கு ஒரே ஒரு சிநேகிதன் கிடைத்தால் போதும். மாறிய பிறகு ஆறு மாதம் மாலையில் ஒரு மணி நேரம் உங்களிடம் வந்து போகட்டும்.

கேள்வி: எங்கள் ஊரில் பல குடும்பங்கள் ஆண்டுதோறும் சூளைக்குப் போகின்றன. பிள்ளைகளும் கூடவே போய்விடுகிறார்கள். எங்கள் மகளிர் குழுவில் 12 பேர். நாங்கள் என்ன செய்ய முடியும்?
– குழுத் தலைவி, திருவண்ணாமலை மாவட்டம்

நிறையச் செய்யலாம். குடும்பம் கிளம்புவது சூளை தொடங்கும்போது அல்ல, முன்பணம் வாங்குகிற அன்றைக்கு. சூளைக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி சில மாதம் முன்பே, வீட்டில் செலவு நெருக்கும் நேரமாகப் பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிடுவார். அதற்குப் பிறகு பேசிப் பயனில்லை. சூளையில் கூலி 1,000 கல்லுக்கு இவ்வளவு என்று எண்ணிக்கைக் கணக்கு. பச்சைக் கல்லைத் திருப்பிப் போட, அடுக்கப் பிள்ளைகளும் இறங்கினால்தான் முன்பணம் கழியும் என்ற நிலை வந்துவிடுகிறது.

பல குடும்பங்களை அந்த முன்பணத்தை நோக்கித் தள்ளுவது சிறு தொகைதான். ஒரு மருத்துவச் செலவு, ஒரு சாவுச் செலவு. உங்கள் 12 பேரும் மாதம் 50 ரூபாய் தனியாகப் போட்டால் ஆண்டுக்கு 7,200 ரூபாய். இதை வழக்கமான சேமிப்போடு கலக்காமல் தனிப் பதிவேட்டில் வையுங்கள். ஒரு குடும்பத்துக்கு 2,000 ரூபாய்க்கு மேல் வேண்டாம். வட்டி இல்லை, ஆறு தவணை. முடிவெடுக்கத் தலைவியும் இன்னொரு உறுப்பினரும் போதும். கேட்ட மறுநாள் பணம் கைக்குப் போக வேண்டும், கூட்டம் கூடும் வரை காத்திருந்தால் மேஸ்திரி முந்திவிடுவார். இதில் கெட்டுப்போவது இரண்டு இடத்தில். திருவிழாச் செலவுக்கும் கொடுக்கத் தொடங்கினால் நிதி மூன்றே மாதத்தில் தீரும். 'பிள்ளையை அனுப்பாவிட்டால் பணத்தைத் திருப்பு' என்று மிரட்டத் தொடங்கினால் அடுத்த முறை உங்களிடம் வரவே மாட்டார்கள்.

போயே தீர வேண்டிய குடும்பத்தின் பிள்ளை ஊரிலேயே தங்க வழி செய்யுங்கள். பாட்டி வீட்டில் விடுவதானால் அரிசிக்கு ஏற்பாடு வேண்டும், குடும்ப அட்டை பாட்டி கையில் இருக்கட்டும். பெண் பிள்ளைகளுக்கு அருகில் கஸ்தூர்பா காந்தி உண்டு உறைவிடப் பள்ளி இருக்கிறதா என்று ஜூன் மாதமே கேட்டு வையுங்கள், நடுவில் இடம் கிடைப்பது சிரமம். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டதால், ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைக்குப் பள்ளி நாளில் இரண்டு வேளைச் சாப்பாட்டுக் கவலை இல்லை. பாட்டியிடம் இதைச் சொல்லுங்கள், பொறுப்பேற்கத் தயங்குகிறவர்கள் இதைக் கேட்டுச் சம்மதிப்பதுண்டு.

கூடவே போகிற பிள்ளை என்றால், சூளைக்கு அருகிலுள்ள பள்ளியில் ஆண்டின் எந்த மாதத்திலும் சேரலாம். மாற்றுச் சான்றிதழ் இல்லை, வயதுச் சான்று இல்லை என்று மறுக்கச் சட்டம் இடம் தரவில்லை. பிள்ளையின் எமிஸ் எண்ணை ஒரு சீட்டில் எழுதி, கெட்டியான உறையில் போட்டுத் தாயிடம் கொடுத்தனுப்புங்கள்.

முன்பணத்தைக் காட்டி அங்கிருந்து வெளியே விட மறுக்கிறார்கள் என்று தெரிந்தால் அது கொத்தடிமை முறை. 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. வருவாய்க் கோட்டாட்சியருக்கும் கலெக்டருக்கும் உடனே தெரிவியுங்கள். மீட்கும்போது விடுவிப்புச் சான்றிதழை ஒவ்வொருவர் பெயரிலும், பிள்ளைகள் பெயரிலும் தனித்தனியாகக் கேளுங்கள். குடும்பத் தலைவருக்கு மட்டும் கொடுத்து முடித்துவிட்டால் மற்றவர்களுக்கு மறுவாழ்வுத் தொகை நின்றுபோகும். உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை வழக்கு முடியும் முன்பே பெறலாம்.

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. கோடை விடுமுறையில் துணிக்கடை வேலைக்குப் போகலாமா?
– ஒரு தந்தை, ஈரோடு

போகலாம். 14 முதல் 18 வயது வரை ஆபத்தில்லாத வேலைக்குத் தடையில்லை. இடைவேளையும் சேர்த்து நாளுக்கு 6 மணி நேரம்தான். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு மணி நேர ஓய்வு, வாரம் ஒரு நாள் விடுமுறை. இரவு 7 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. 'ஓவர்டைம்' கூடாது. பண்டிகை நேரத்தில் இரவு 11 மணி வரை நிறுத்திக்கொள்ளும் கடைக்கு அனுப்பாதீர்கள். பட்டாசு, தீப்பெட்டி, சுரங்கம் போன்ற ஆபத்தான தொழில்களுக்கு 18 வயது வரை தடைதான். விடுமுறை முடிந்ததும் பள்ளி திறக்கும் அன்றே அவனைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். 'இன்னும் ஒரு வாரம்' என்பது பல வீடுகளில் படிப்பின் கடைசி வாரமாகிவிடுகிறது.

கேள்வி: படிப்பு ஏறாத பிள்ளை சிறுவயதிலேயே ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டால் என்ன தவறு? ஏழை வீட்டுச் சோற்றைச் சட்டம் போடுமா?
– வாசகர், மதுரை

நியாயமான கவலை. ஆனால் பட்டறையில் பத்து வயதுப் பிள்ளை தொழில் கற்பதில்லை. தம்ளர் கழுவுகிறது, சாமான் எடுத்துக் கொடுக்கிறது, பல ஆண்டு அதையே செய்கிறது. பிள்ளைக்குக் கூலி குறைவு என்பதாலேயே அந்த வேலை பெரியவர் கைக்குப் போவதில்லை. பல நேரம் அந்தப் பெரியவர் அதே பிள்ளையின் தகப்பன். 1996இல் சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் புரிந்துதான், ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் முதலாளி கட்ட வேண்டும் என்றதோடு, அந்தக் குடும்பத்தில் ஒரு பெரியவருக்கு வேலை கிடைக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும், முடியாவிட்டால் அரசு 5,000 ரூபாய் போட வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது.

வறுமை தீரட்டும், பிறகு பள்ளி என்று காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்கும் சான்று உண்டு. சாந்தா சின்ஹா வழிநடத்திய எம்.வி. அறக்கட்டளை அன்றைய ஆந்திராவின் ரங்காரெட்டி மாவட்டத்தில் 1991 முதல், பள்ளிக்குப் போகாத ஒவ்வொரு பிள்ளையும் குழந்தைத் தொழிலாளர்தான் என்று எடுத்துக்கொண்டு ஊர் ஊராக வேலை செய்தது. ஊர் இளைஞர்கள் வீடு வீடாகப் போனார்கள், பிள்ளைகளை முகாமில் வைத்துப் படிக்க வைத்துப் பள்ளியில் சேர்த்தார்கள். மிக ஏழைக் குடும்பங்களும் பிள்ளைகளை அனுப்பின. உலக அளவில் 2000இல் 24.6 கோடியாக இருந்த குழந்தைத் தொழிலாளர் எண்ணிக்கை, 2024இல் 13.8 கோடி என்கிறது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெப்பும் சேர்ந்து வெளியிட்ட கணக்கு. இன்னும் மிக அதிகம்தான்.

தொழில் கற்க ஆசையுள்ள பிள்ளையை எட்டாம் வகுப்பு முடிந்து 14 வயதானதும் அரசுத் தொழிற்பயிற்சி நிலையமான ஐ.டி.ஐ.யில் சேர்க்கலாம். தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ.களில் படிப்பு இலவசம், மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு.

கேள்வி: மீட்டுப் பள்ளியில் சேர்த்த பிள்ளையை எவ்வளவு காலம் கவனிக்க வேண்டும்?
– பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், கிருஷ்ணகிரி மாவட்டம்

குறைந்தது இரண்டு கல்வியாண்டு. எல்லா நாளும் ஒரே அளவு கவனம் தேவையில்லை, நழுவும் நாட்கள் தெரிந்தவைதான். சேர்ந்த முதல் மாதம். முதல் தேர்வு விடைத்தாள் கொடுக்கும் வாரம், அன்று யாராவது ஒருவர் அவனோடு பேச வேண்டும். பொங்கல் விடுமுறைக்கு அடுத்த வாரம். வீட்டில் யாராவது மருத்துவமனையில் சேர்ந்த நாட்கள். ஐந்திலிருந்து ஆறுக்கும், எட்டிலிருந்து ஒன்பதுக்கும் போகும்போது பள்ளியே மாறுகிறது என்றால், பழைய பள்ளி ஆசிரியர் ஒருவர் கையைப் பிடித்துக் கொண்டுபோய்ப் புதுப் பள்ளியில் விட்டுவிட்டு வருவது நல்லது. வகுப்பு ஆசிரியர் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஏப்ரல் கடைசியில் விடுமுறை தொடங்கும்போது பிள்ளை எந்த ஊருக்குப் போகிறது, யார் வீட்டில் இருக்கும், அவர்கள் போன் எண் என்ன என்று கேட்டு வையுங்கள். பள்ளி திறந்து புதுப் பாடநூல் கொடுக்கிற நாளில் அவன் வரிசையில் நிற்கிறானா என்று போய்ப் பாருங்கள். இல்லையென்றால் அன்று மாலையே அந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.